அடிப்பூச்சு: காப்பா, மறைப்பா? (பழைய இராணுவ இழுவண்டிகள் கற்பிக்கும் வரலாறு)



வரலாறு என்றவுடன் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவன மன்னர்கள், போர்கள், உடன்படிக்கைகள், ஆண்டுகள். போரில் வென்ற தளபதியின் பெயர் பாடநூலில் இருக்கும். அந்தப் படைக்கு உணவும் குண்டும் குடிநீரும் சுமந்து சென்ற வண்டியைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அவ்வண்டியின் அடிப்பாகத்தில் என்ன பூசினார்கள் என்பதை யார் எழுதப் போகிறார்கள்? இக்கட்டுரை அதைப் பற்றியதுதான்.

பழைய ஜீப் வண்டிகளைப் பற்றியும் அவற்றின் பின்னே கட்டி இழுக்கப்பட்ட சிறு இழுவண்டிகளைப் பற்றியும் படிப்பது என் நெடுநாளைய பொழுதுபோக்கு. படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். ஒரே காலத்தில் ஒரே வகை இரும்பால் செய்யப்பட்ட வண்டிகளுள் சில எண்பது ஆண்டுகள் கடந்தும் உறுதியாக நிற்கின்றன. சில எப்போதோ சல்லடையாகிப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. ஏன் இந்த வேறுபாடு? தடித்த பூச்சு பெற்றவை பிழைத்தன, பெறாதவை அழிந்தன என்று நாம் எளிதாக நினைத்துவிடலாம். உண்மை அவ்வளவு எளிதன்று. சில வேளைகளில் அந்தத் தடித்த பூச்சே வண்டியைத் தின்றிருக்கிறது!

ஜீப்பின் பின்னால் வந்த பெட்டி

1940-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்கத் தரைப்படை ஓர் அழைப்பு விடுத்தது. எடை குறைந்த, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் சிறு வேவு வண்டி ஒன்று வேண்டும்; முதல் மாதிரியை 49 நாள்களில் ஒப்படைக்க வேண்டும். 135 நிறுவனங்களுக்கு இவ்வழைப்பு அனுப்பப்பட்டது. முன்வந்தவை இரண்டே இரண்டு. அவற்றுள் ஒன்று, பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் நொடித்துப் போகும் நிலையில் இருந்த ‘அமெரிக்கன் பேண்டம்’ என்னும் சிறு நிறுவனம். கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளர் வரைபடம் தீட்ட, 1940 செப்டம்பர் 23-ஆம் நாள் மேரிலாந்தின் ஹோலபர்ட் முகாமில் முதல் வண்டி ஒப்படைக்கப்பட்டது. அதுவே ஜீப்பின் பிறப்பு.

ஆனால் பெற்ற தாயிடம் பிள்ளை வளரவில்லை. இவ்வளவு சிறிய நிறுவனத்தால் போருக்கு வேண்டிய அளவு வண்டிகளைச் செய்து தர முடியாது என்று படை கருதியது. பெரிய ஒப்பந்தங்கள் வில்லிஸ் நிறுவனத்துக்கும் ஃபோர்டு நிறுவனத்துக்கும் சென்றன. அவ்விரண்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. பேண்டம் செய்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அதன் பிறகு பேண்டத்தின் பங்காக அமைந்த பணிகளுள் முதன்மையானது, ஜீப் இழுத்துச் செல்வதற்கான கால் டன் இழுவண்டி. வில்லிஸ் நிறுவனமும் இதே வண்டியைச் செய்தது. இரண்டும் சேர்ந்து ஓர் இலட்சத்துக்கும் மேல் செய்தன.

பார்ப்பதற்கு அது வெறும் இரும்புத் தொட்டி. இரண்டு சக்கரங்கள், ஓர் இழுதண்டு, நிறுத்தி வைக்க முன்னால் ஒரு கால், மேலே ஒரு படுதா. மேடுபள்ளமான நிலத்தில் 500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 227 கிலோ சுமக்கும். ஜீப்பின் சக்கரமே இதற்கும் பொருந்தும் என்பதால் மாற்றுச் சக்கரம் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. எல்லாவற்றினும் சிறந்த திறன், அது நீரில் மிதக்கும் என்பது. ஜீப் ஆற்றைக் கடக்கும்போது இழுவண்டி சுமையோடு மிதந்து பின்னால் வரவேண்டும் என்பதற்காகத் தொட்டியை நீர் புகாதபடி பற்றவைத்தார்கள்.

இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. நீர் உள்ளே புகாத பெட்டியிலிருந்து, மேலிருந்து விழுந்த மழைநீர் வெளியேறவும் முடியாது. ஆகவே தரையில் திறந்து மூடக்கூடிய வடிகால் துளைகளை வைத்தார்கள். ஆற்றில் இறங்கும்போது மூடவேண்டும். கரையேறி நின்றபின் திறக்கவேண்டும். சிறு துளைகள்தாம். ஆனால் வண்டியின் ஆயுள் அவற்றில் அடங்கியிருந்தது.

துரு எங்கே பிறக்கிறது?

தொடக்கப்பள்ளி அறிவியலில் துருப்பிடித்தலைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது தெரிந்த செய்தி. இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், காற்றில் உள்ள உயிர்வளியும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தடுத்தாலும் துரு பிடிக்காது. உப்பு கலந்த நீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் கடலோரத்தில் துரு விரைந்து பரவுகிறது.

பாடநூலில் பெரும்பாலும் சொல்லப்படாத செய்தி ஒன்று உண்டு. துருப்பிடித்தல் என்பது ஒரு சிறிய மின்கலம் போல நடக்கும் வினை. இரும்பின் ஓரிடம் மின்னணுக்களை இழந்து கரைகிறது. மற்றோரிடம் அவற்றைப் பெற்று உயிர்வளியோடு சேர்க்கிறது. ஒரே தகட்டில் ஓரிடத்தில் காற்று நன்றாகப் படுகிறது, மற்றோரிடம் சேற்றுக்கு அடியிலோ இடுக்குக்குள்ளோ காற்றின்றி ஈரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த இடம் கரையும்? காற்றுப் படும் இடம் என்றே மாணவர் விடை சொல்வர். ஆனால் கரைவது காற்றுக் குறைந்த ஈரமான இடுக்குதான்! வெளியே பார்த்தால் தகடு நன்றாக இருக்கும். சேற்றைத் தட்டிவிட்டால் அங்கே குழி விழுந்திருக்கும்.

இன்னொன்றும் நினைவில் கொள்ள வேண்டும். துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகடுகள் ஒட்டிய இடுக்கில் துரு பிறந்தால், அது ஆப்பு அறைந்தது போலத் தகடுகளைப் பிரித்துவிடும். பிரிந்த இடைவெளியில் மேலும் நீர் புகும்.

இவ்விரு செய்திகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால், இழுவண்டியின் பிற்கால வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

போர்க்காலப் பூச்சு

போர்க்காலத்தில் ஜீப்பும் அதன் இழுவண்டியும் முதற்பூச்சு ஒன்றும், அதன்மேல் பளபளப்பில்லாத ஒலிவப் பச்சை வண்ணமும் பெற்றே ஆலையை விட்டு வெளியேறின. பளபளத்தால் வானிலிருந்து பார்க்கும் பகைவனுக்குத் தெரிந்துவிடும். அடியில் தடிமனாகத் தார் பூசும் வழக்கம் அன்றைய ஆலைகளில் இல்லை. போர்க்களத்தில் ஒரு வண்டியின் முடிவு பெரும்பாலும் கண்ணிவெடியாலோ பீரங்கிக் குண்டாலோ தேய்மானத்தாலோ நேர்வது. துருவுக்கு அதைத் தின்ன நேரமே கிடைக்காது. அன்றைய தேவை எண்ணிக்கையும் விரைவுமே.

ஆயினும் படை துருவை மறந்துவிடவில்லை. கப்பலில் பல வாரம் கடல் கடந்து செல்லும் உதிரிப் பாகங்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் ‘காஸ்மோலின்’ எனப்படும் பழுப்பு நிற மெழுகுக் களிம்பைப் பூசினார்கள். 1944 ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய வண்டிகளின் மின்கருவிகளை, கல்நார் கலந்த களிம்பால் மூடி உப்புநீர் புகாமல் காத்தார்கள். கரையேறியதும் அக்களிம்பை அகற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது கட்டளை. தற்காலிகக் காப்பு தற்காலிகமாகவே இருக்கவேண்டும் என்னும் தெளிவு அதில் இருந்தது.

எல்லாவற்றிற்கும் மேலாக, பராமரிப்பு ஓட்டுநரின் அன்றாடக் கடமை ஆக்கப்பட்டது. கழுவு, துடை, எண்ணெயிடு, வண்ணம் உரிந்த இடத்தில் மீண்டும் பூசு. இதைப் படைவீரர்களுக்கு எப்படிக் கற்பித்தார்கள் என்பது ஆசிரியர்களாகிய நமக்குச் சுவையான செய்தி. தடித்த கையேடுகளை யாரும் படிப்பதில்லை என்பதை உணர்ந்த படை, வில் ஐஸ்னர் என்னும் புகழ்பெற்ற ஓவியரைக் கொண்டு படக்கதை வரைந்தது. ‘ஆர்மி மோட்டார்ஸ்’ என்னும் இதழில் அவர் உருவாக்கிய ‘ஜோ டோப்’ என்னும் கவனக்குறைவான வீரன், செய்யக் கூடாதவற்றையெல்லாம் செய்து மாட்டிக்கொள்வான். சிரித்துக்கொண்டே வீரர்கள் பாடம் படித்தார்கள். 1951-இல் இதே நோக்கத்தோடு ‘பி.எஸ்.’ என்னும் மாத இதழ் தொடங்கப்பட்டது. ஐஸ்னர் அதற்கும் இருபது ஆண்டுகள் வரைந்தார். வகுப்பறையில் படக்கதையைக் குறைவாக மதிப்போர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

வெள்ளீயமும் துத்தநாகமும்

பூச்சு என்று பொதுவாகச் சொன்னாலும் அவற்றின் இயல்பு ஒன்றன்று. இதை விளக்க நம் நாட்டு மண்ணிலேயே நல்ல சான்று உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே மிகுதியாக வெள்ளீயம் தோண்டி எடுத்த நாடு மலாயா. கிந்தாப் பள்ளத்தாக்கின் லம்பங்களில் எடுத்த வெள்ளீயம் எங்கே போயிற்று? அதில் பெரும்பகுதி, மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் பூசப்பட்டு உணவு டின்களாயிற்று. படைவீரர் உண்ட இறைச்சியும் பாலும் அந்த டின்களில்தாம் வந்தன. வெள்ளீயம் எளிதில் அரிபடாது. ஆனால் பூச்சில் ஒரு கீறல் விழுந்துவிட்டால், ஈரக் காற்றில் அடியிலுள்ள இரும்பு, பூச்சே இல்லாத இரும்பைக் காட்டிலும் விரைவாகக் கரையும். ஏனெனில் வெள்ளீயத்தைவிட இரும்பு வினைத்திறன் மிக்கது. இருவருள் இரும்பே தன்னை இழக்கிறது.

துத்தநாகம் இதற்கு மாறானது. 1837-இல் பிரான்சில் சோரெல் என்பவர் உரிமம் பெற்ற முறைப்படி, உருக்கிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்து எடுப்பார்கள். நம் தோட்டத்து லயங்களின் கூரைத் தகரம் இவ்வகைதான். இதில் கீறல் விழுந்தாலும் துத்தநாகமே முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். தகரத்தின் மீதுள்ள துத்தநாகம் தீரும்வரை கூரை பிழைக்கும்.

மூன்றாவது வகை, காரீயத்தை வறுத்துப் பெறும் செந்நிறத் தூளை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசும் முதற்பூச்சு. எண்ணெயோடு சேர்ந்து அது உருவாக்கும் சேர்மங்கள் துருப்பிடிக்கும் வினையையே தடுப்பன. 1937-இல் திறக்கப்பட்ட சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்திற்கும் முதலில் பூசப்பட்டது காரீயச் செம்பூச்சுதான்.

நான்காவது வகை, நீரையும் காற்றையும் இடையே வரவிடாமல் வெறுமனே தடுத்து நிற்பது. வேறு எந்த வேதித் திறமும் அதற்குக் கிடையாது. தார் இவ்வகையைச் சேர்ந்தது.

தாரின் காலம்

போருக்குப் பின் படை வண்டிகளைப் பற்றிய எண்ணம் மாறிற்று. வண்டிகள் போர்க்களத்தில் அழிவதற்கு மாறாக, முகாம் திடல்களில் ஆண்டுக்கணக்கில் நின்றன. 1950-களில் எம்38 ஜீப்புக்கு இணையாக எம்100 இழுவண்டி வந்தது. 1960-களில் எம்151 வண்டிக்கு இணையாக எம்416 வந்தது. வியட்நாம் போர்க்காலப் படங்களில் இதைக் காணலாம். வடிவம் சற்று மாறினாலும் அடிப்படை ஒன்றே: இரும்புத் தொட்டி, இரும்புச் சட்டம், விற்பட்டைகள், வடிகால் துளைகள்.

இதே காலத்தில் அமெரிக்காவின் வடபகுதிச் சாலைகளில் பனிக்கட்டியை உருக்க உப்பைக் கொட்டும் வழக்கம் பெருகிற்று. கார்களின் அடிப்பாகம் சில ஆண்டுகளிலேயே ஓட்டையாயிற்று. விற்பனையாளர்கள் புதுக் காரின் அடியில் தார் தெளித்துக் கூடுதல் கட்டணம் பெற்றார்கள். அரசும் தனக்கென ஒரு தர வரையறையை வைத்திருந்தது: ‘டி.டி.-சி-520’ என்னும் எண்ணுடைய அது, வண்டிகளின் அடிப்பாகத்தில் பூசத்தக்க நிலக்கீல் கலவையைப் பற்றியது. நிலக்கீல் என்பது நாம் பேச்சுவழக்கில் தார் என்று சொல்லும் கருங்குழம்பு. படை வண்டிகளிலும் இழுவண்டிகளிலும் பழைய கரும்பூச்சாக இன்று காணப்படுவது பெரும்பாலும் இவ்வகையே. ஆலையில் பூசியதும் உண்டு. பின்னர்ப் பணிமனையில் பூசியதும் உண்டு. ஏலத்தில் வாங்கிய உழவர் தம் கையால் பூசியதும் உண்டு.

தாரின் நன்மைகள் மறுக்கத்தக்கன அல்ல. விலை குறைவு, தடிமனாக ஒட்டும், சக்கரம் வாரி இறைக்கும் கற்களின் அடியைத் தாங்கும், ஓசையைக் குறைக்கும். சுத்தமான, உலர்ந்த, முதற்பூச்சு பெற்ற இரும்பின்மேல் கவனமாகப் பூசினால் அது பல்லாண்டு காக்கும்.

குறை எங்கே இருந்தது? அந்த நிபந்தனைகளில்தான்! சுத்தம், உலர்வு, முதற்பூச்சு என்னும் மூன்றும் உழைப்பு வேண்டுவன. துருவைச் சுரண்டி எடுப்பது கடினம். அதன்மேல் தாரை அடிப்பது எளிது. ஒரு மணி நேரத்தில் வண்டியின் அடிப்பாகம் புதிதுபோல் கருமையாகிவிடும். பார்வையிட வரும் அதிகாரிக்கும் குறை தெரியாது.

ஆண்டுகள் செல்லச் செல்லத் தாரில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் பூச்சு இறுகும்; இறுகியபின் வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியே நீர் புகுந்து தாருக்கும் தகட்டுக்கும் இடையே தங்கும். அங்கே காற்று குறைவு, ஈரம் மிகுதி. துரு பிறக்க அதைவிட ஏற்ற இடம் வேறில்லை. பூசாத தகடு மழை நின்றதும் உலர்ந்துவிடும். பூசிய தகடோ உலர வழியின்றி நாள்கணக்கில் நனைந்தே கிடக்கும். வெளியே கருமை மாறாது. சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பவருக்கு மட்டுமே உண்மை தெரியும்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், தின்னப்பட்ட இரும்பு மந்தமாக ஒலிக்கும். சில இடங்களில் இரும்பே இராது. தார் மட்டும் தகட்டின் வடிவில் நிற்கும்.

அடைபட்ட வடிகால்

இழுவண்டிகளில் இந்தக் கேடு இன்னொரு வழியிலும் வந்தது. தெளிப்பானைக் கையில் எடுத்தவர் வடிகால் துளைகளை மூடிவைக்காமல் அடியெங்கும் தாரைத் தெளித்தால் என்ன ஆகும்? துளைகள் அடைபடும். சட்டத்தின் இடுக்குகளில் நீர் வடிய விட்ட வாய்களும் அடைபடும். நீர் உள்ளே வராமல் காக்க வந்த பூச்சு, உள்ளே வந்த நீர் வெளியேறாமல் காவல் நிற்கும்! படுதா கிழிந்து திடலில் நிற்கும் இழுவண்டி, மழைக்காலத்தில் குளமாகிவிடும். தரை மேலிருந்து அழுகும்; அடியில் பூசிய தார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

நம் நாட்டைப் போல ஆண்டு முழுவதும் மழையும் ஈரக் காற்றும் உள்ள இடத்தில் இதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. உப்புச் சாலை இங்கில்லை; ஆனால் உலரும் பருவமும் இங்கு நீண்டதில்லை.

இக்குறையை முதலில் வணிகமாக எதிர்கொண்டவர்களுள் ஒருவர் டெட்ராய்ட் நகரில் வாழ்ந்த கர்ட் சீபார்ட் என்னும் ஜெர்மானியக் கைவினைஞர். 1959-இல் அவர் தொடங்கிய முறையில், காரின் அடியில் மட்டும் பூசாமல், கதவு, சட்டம் போன்ற மூடிய குழிவுகளுக்குள்ளும் கருவியைச் செலுத்தித் துருத்தடுப்பைத் தெளித்தார்கள். துரு பிறப்பது கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் என்பதை அம்முறை ஏற்றுக்கொண்டது.

அமெரிக்கத் தரைப்படையும் பின்னர் இதே வழிக்கு வந்தது. படை வண்டிகளுக்கும் இழுவண்டிகளுக்கும் துருத்தடுப்புச் செய்யும் முறையை விளக்கும் ‘43-0213’ என்னும் தொழில்நுட்ப வெளியீட்டை அது கொண்டிருந்தது. எந்த வண்டியில் எந்த இடத்தில் எப்படித் தெளிக்க வேண்டும் என்பதை அது படங்களோடு காட்டியது. முதலில் கழுவி உலர்த்தவேண்டும், துருவை நீக்கவேண்டும், வடிகால்கள் திறந்திருக்கவேண்டும் என்பன இத்தகைய பணியின் அடிப்படை விதிகள்.

வேறு விடைகள்

அடிப்பூச்சு ஒன்றே வழி என்று எல்லாரும் இருந்துவிடவில்லை. 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த லேண்ட்ரோவரின் உடலை அலுமினியக் கலவையால் செய்தார்கள். போருக்குப்பின் எஃகுக்குப் பஞ்சம் நிலவியதே காரணம். அவசரகாலமாகிய 1948 முதல் 1960 வரை மலாயாவில் ஓடிய படை வண்டிகளில் இதுவும் ஒன்று. அதன் உடல் செந்துரு பிடிக்கவில்லை. ஆனால் அடியில் இருந்த சட்டம் எஃகுப் பெட்டி வடிவம். அது உள்ளிருந்தே அரிபட்டது. உடல் பளபளக்கச் சட்டம் ஒடிந்த வண்டிகள் பல.

1960-களில் ஃபோர்டு நிறுவனம் மின்வழி வண்ணப்பூச்சைப் பெருமளவில் பயன்படுத்தத் தொடங்கியது. வண்டியின் உடலை வண்ணத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால், தூரிகையும் தெளிப்பானும் எட்டாத இடுக்கிலும் வண்ணம் சென்று படியும். இன்றைய கார்கள் முன்னைய கார்களைக் காட்டிலும் துருவைத் தாங்குவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். துத்தநாகம் பூசிய தகடும் மற்றொரு காரணம்.

துருவின் விலை எவ்வளவு? அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஆய்வொன்று, அரிமானத்தால் அந்நாட்டுக்கு ஏற்படும் நேரடிச் செலவு ஆண்டுக்கு 27,600 கோடி டாலர் என்று கணக்கிட்டது. இஃது அந்நாட்டு மொத்த உற்பத்தியில் 3.1 விழுக்காடு. 2003-இல் அந்நாட்டு நாடாளுமன்றக் கணக்காய்வு அமைப்பு, படைக்கருவிகளிலும் கட்டடங்களிலும் மட்டும் ஆண்டுக்கு 1,000 கோடி முதல் 2,000 கோடி டாலர் வரை அரிமானம் விழுங்குவதாக மதிப்பிட்டது. படக்கதை வரைந்து பராமரிப்பைக் கற்பித்த படைக்கே இந்நிலை!

பூச்சுக்குள் இருந்த நஞ்சு

பெற்றோர் இப்பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

இரும்பைக் காத்த பொருள்கள் மனிதரைக் காக்கவில்லை. செம்பூச்சில் காரீயம் இருந்தது. பழைய தார்ப்பூச்சுகள் சிலவற்றில் வலிமைக்காகக் கல்நார் இழை சேர்த்தார்கள். துருத்தடுப்பு முதற்பூச்சுகள் பலவற்றில் குரோமேட்டு இருந்தது. கல்நாரும் ஆறிணைதிறக் குரோமியமும் புற்றுநோய் விளைவிப்பன. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்கு இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பூச்சு இரும்பின்மேல் அசையாமல் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லையில்லை. அதைச் சுரண்டும்போதும், உலர்வாகத் தேய்க்கும்போதும், தீயால் சுடும்போதும் நஞ்சு தூளாகவும் புகையாகவும் வெளிப்படுகிறது. அத்தகைய பணிமனைகளில் நாள்தோறும் தாரைத் தெளித்தும் சுரண்டியும் வாழ்ந்த தொழிலாளர்களின் பெயர்கள் எந்த வண்டியின் வரலாற்றிலும் இல்லை.

நம் வீடுகளில் படை இழுவண்டி இல்லாமல் இருக்கலாம். பழைய இரும்புக் கதவும் வேலியும் சன்னல் கம்பியும் உள்ளன. தீபாவளிக்கு முன் அவற்றைச் சுரண்டி வண்ணம் பூசுவது நம் வழக்கம். பிள்ளைகளும் ஆசையோடு உதவ வருவார்கள். பழைய வண்ணம் என்றால் அப்பணியில் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். உலர்வாகத் தேய்க்காமல் நீர் நனைத்துத் தேய்த்து, கழிவைத் தாளில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். தூளைத் துடைப்பத்தால் பெருக்கிப் பறக்கவிட வேண்டா.

அடுக்குகளில் எழுதிய வரலாறு

பழைய இழுவண்டிகளைப் புதுப்பிப்போர் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுள் கவனமானவர்கள் முதலில் சுரண்டுவதில்லை, பார்க்கிறார்கள். ஏனெனில் பூச்சின் அடுக்குகளே ஆவணம். மேலே ஓர் உழவர் பூசிய நீலம் இருக்கலாம். அதனடியில் வேறொரு நாட்டுப் படையின் பச்சை. போருக்குப்பின் அமெரிக்க வண்டிகள் பிரான்சு, நெதர்லாந்து போன்ற நாடுகளின் படைகளுக்குச் சென்றன. அதற்கும் அடியில் 1940-களின் ஒலிவப் பச்சையும் வெள்ளை எழுத்தில் பதிவெண்ணும். எண் கிடைத்தால் வண்டியின் பிறப்பும் பயணமும் ஓரளவு தெரியவரும்.

இங்கே தாருக்கும் நன்றி சொல்லவேண்டும். நல்ல நிலையில் இருந்த வண்ணத்தின்மேல் கவனமாகப் பூசிய தார், அடியிலுள்ள முதல் வண்ணத்தை வெயிலும் மழையும் படாமல் காத்துத் தந்திருக்கிறது. ஈரத்தின்மேலும் துருவின்மேலும் அவசரமாகப் பூசிய அதே தார், அடியிலுள்ள யாவற்றையும் அழித்திருக்கிறது. பொருள் ஒன்றே. பூசுவதற்கு முன் செய்த வேலையும், பூசிய பின் செய்த வேலையுமே வேறுபட்டன.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இதுவே விடை. பிழைத்த வண்டிகள் வடிகால் திறந்திருந்தவை, கூரையின்கீழ் நின்றவை, ஆண்டுதோறும் யாரோ ஒருவர் குனிந்து அடியில் பார்த்தவை.

வகுப்பறைக்கு

ஆசிரியர்களுக்கு ஓர் எளிய ஆய்வைப் பரிந்துரைக்கிறேன். ஒரே அளவான நான்கு இரும்பாணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றைத் தேய்த்து உலர்த்தி முழுவதும் வண்ணம் பூசுங்கள். ஒன்றை வண்ணம் பூசிக் காய்ந்தபின் ஓரிடத்தில் கீறிவிடுங்கள். நான்காவதை உப்புநீரில் நனைத்துத் துருவேறவிட்டு, ஈரத்தோடே வண்ணம் பூசுங்கள். நான்கையும் ஈரப் பஞ்சின்மேல் இரண்டு மூன்று வாரம் வைத்து, பின் வண்ணத்தை நீரில் நனைத்துத் தேய்த்து எடுத்துப் பாருங்கள். (காரீயமற்ற புது வண்ணத்தையே பயன்படுத்துக.) எதன்மேல் துரு, எதனடியில் துரு என்பதை மாணவர்கள் தாங்களே எழுதட்டும். அதன்பிறகு இந்த இழுவண்டியின் கதையைச் சொல்லுங்கள். அறிவியலும் வரலாறும் ஒரே மேசையில் அமரும்.

இறுதியாக, ஆசிரியன் என்னும் முறையில் ஒரு சொல். தேர்வு நெருங்கும்போது, எழுத்தறிவில் பின்தங்கிய பிள்ளைக்கு மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வித்து அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. விடைத்தாள் நன்றாகவே இருக்கும். ஆனால் உயிர்மெய் எழுத்தில் தடுமாறும் அந்தப் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் என்ன ஆகிறான்? மறைப்பதும் காப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். வேறுபாட்டை அறியத் தட்டிப் பார்க்கவேண்டும். புதிய பள்ளியாண்டின் முதல் வாரத்திலேயே, ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அமர்த்தி ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் பெற்றோரும் அதையே செய்யலாம். பத்து நிமிடம் போதும்.

அன்புடன்,
தமிழாசிரியன்